பத்திரம் சொல்லாத மாடி

திருவொற்றியூரில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. மூலப்பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, முப்பது வருட வில்லங்கத்தில் ஒன்றுமில்லை. சொத்துவரி ரசீதுகள் கட்டாக இருக்கின்றன. கடைசியாக, மடிப்பில் கிழிந்துபோன பழைய நீலத்தாள் வரைபடம் வெளியே வருகிறது. அதில் இருப்பது தரைத்தளமும் ஒரு மாடியும், பின்பக்கம் ஐந்தடி இடைவெளியும். எதிரே நிற்பதோ இரண்டு மாடி. பின்பக்கம் நின்று கையை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவர் தட்டுகிறது. "இந்த ஏரியாவுல எல்லா வீடும் இப்படித்தான் சார்" என்கிறார் புரோக்கர்.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் வீடு பார்க்க வருபவர்கள் அதிகம். ஆனால் அவர்கள் பார்க்கும் காகிதங்களில் பெரும்பாலானவை மண்ணின் கதையைத்தான் சொல்கின்றன. மண்ணின்மேல் நிற்கும் கட்டடத்தின் கதை வேறொரு கோப்பில் இருக்கிறது.

'வில்லங்கம் சுத்தம் என்றால் சொத்து சுத்தம்' என்பதுதான் வீடு வாங்குபவர்களிடம் மிகப் பரவலான நம்பிக்கை. வில்லங்கச் சான்று, சார்பதிவாளரிடம் பதிவான ஆவணங்களின் பட்டியல். கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை அதில் வரும். அனுமதியில்லாமல் எழுப்பிய மாடி அதில் வராது. சொத்துவரியும் அப்படியே. கட்டடம் இருக்கிறது, ஆகவே மாநகராட்சி வரி போடுகிறது. வரி கட்டியதால் விதிமீறல் கரைந்துவிடுவதில்லை.

சரி, கட்டடத்தின் கதையைச் சொல்லும் அந்தக் கோப்பு எங்கே? இங்கேதான் வடசென்னைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 2011 வரை தனித்தனி நகராட்சிகள். அந்த ஆண்டுதான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. ராயபுரமோ நெடுங்காலமாக மாநகராட்சிக்குள் இருப்பது. ஆக, 2005இல் எண்ணூரில் கட்டிய வீட்டின் அனுமதியில் கத்திவாக்கம் நகராட்சியின் முத்திரைதான் இருக்கும். மாநகராட்சி முத்திரை இருந்தால் அதுவே சந்தேகத்துக்குரியது. சிறிய வீடுகளுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரும். பெரிய அடுக்ககங்களுக்கு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் திட்ட அனுமதியும் வேண்டும். சிஎம்டிஏவின் அலுவலகம் எழும்பூரில் உள்ள தாளமுத்து நடராசன் மாளிகை.

'பிளான் அப்ரூவல் இருக்கிறது, போதும்' என்பது அடுத்த நம்பிக்கை. இதை மறுக்க கேரளத்தின் மரடு போதும். கொச்சியை ஒட்டிய அந்த ஊரில் காயலோரம் எழுந்த நான்கு அடுக்ககங்களுக்கும் அன்றைய ஊராட்சி கட்டட அனுமதி கொடுத்திருந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி மட்டும் இல்லை. 2019 மே 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கும் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. வங்கிக் கடனில் வாங்கிக் குடியேறியவர்கள் தங்கள் வீடு சரிவதைத் தெருவில் நின்று பார்த்தார்கள்.

ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறும் கழிமுகமும் என்றிருக்கும் எண்ணூருக்கு மரடு தொலைவான ஊர் அல்ல. 1991இல் முதலில் வந்த கடலோர ஒழுங்குமுறை விதிகள் கடற்கரையோடு நிற்பவை அல்ல. அலைநீர் ஏறி இறங்கும் ஆற்றுக் கரைக்கும் அவை பொருந்தும். நிலப் பயன்பாடு என்ற இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சென்னைப் பெருநகருக்கு 2008இல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணும் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை என ஏதோ ஒரு மண்டலத்தில் அடங்கும். மணலி, எண்ணூர் பக்கத்தில் தொழிற்சாலை மண்டலங்கள் பரந்து கிடக்கின்றன. 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூச்சுத்திணறி ஓடிய மக்களுக்குத் தெரியும், அந்தத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபட நிறங்கள் வெறும் அலுவலகச் சம்பிரதாயம் இல்லை என்று.

'அனுமதி இருந்தால் கட்டடம் உறுதியாக இருக்கும்' என்று நம்புபவர்களும் உண்டு. 2014 ஜூன் 28ஆம் தேதி மவுலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடம் சிஎம்டிஏ அனுமதி பெற்றதுதான். திருவொற்றியூரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அரிவாக்குளத்தில் 1993இல் அரசு கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு தொகுப்பு, 2021 டிசம்பர் 27ஆம் தேதி தரைமட்டமானது. விரிசலைப் பார்த்ததும் மக்கள் வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். அனுமதிக் கோப்பு பார்ப்பது வேறு, பொறியாளரை அழைத்துத் தூணையும் கம்பியையும் பார்ப்பது வேறு. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிரும் இந்தப் பகுதியில் இரண்டும் கட்டாயம்.

'அபராதம் கட்டினால் வரன்முறை ஆகிவிடும்' என்பது புரோக்கர்கள் வாயில் அடிக்கடி வரும் வாக்கு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கும், 113-சி பிரிவு 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்கும்தான் வழி திறந்தன. 2015இல் ஏற்றிய மாடிக்கு இந்த இரண்டு பிரிவுகளும் உதவாது.

வங்கி கடன் கொடுத்துவிட்டது என்ற ஆறுதலும் போதாது. அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே கடன் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17ஆம் தேதித் தீர்ப்பில் வங்கிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பணம் போட்டுவிட்டோம், பல வருடம் ஆகிவிட்டது என்பதெல்லாம் விதிமீறலைச் சட்டப்படி ஆக்காது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்று முறையும் வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் உரிமையாளரின் சொல்லை நம்பித் தரப்படும் அனுமதி என்பதால், வாங்குபவர் அளந்து பார்ப்பது முன்னைவிட அவசியமாகிறது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் அளவு நாடாவோடு போங்கள். வரைபடத்தில் உள்ள மாடி எண்ணிக்கை, பக்க இடைவெளி, அனுமதி எண், தேதி, முத்திரை ஆகியவற்றை நேரில் பாருங்கள். அசல் தொலைந்துவிட்டது என்றால், சான்றளித்த நகலுக்கு விண்ணப்பிக்கும்படி விற்பவரிடமே கேளுங்கள். அவர் தட்டிக்கழித்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.