முட்டை விலையும் வீட்டுக் கோழியும்

முட்டையின் விலை ஏறும்போதெல்லாம், "நாலு பெட்டைகளை வாங்கிப் புழக்கடையில் விட்டால் என்ன?" என்னும் எண்ணம் நமது சங்கத்து அங்கத்தினர்களுக்கு உண்டாவது இயல்பே. எண்ணம் நல்லதுதான். ஆயினும், கணக்குப் பாராமல் வாங்கிய கோழிகள் அடுத்த கோடைக்குள் ஒன்றுவிடாமல் மாண்டுபோன வீடுகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஆகையால் முதலில் கணக்கையும், அதன்பின் வியாதியையும் கவனிப்போம்.

நமது கடைகளுக்கு வரும் வெள்ளை முட்டை பெரும்பாலும் நாமக்கல் பண்ணைகளினின்று வருவதாகும். 1982ஆம் வருஷத்தில் ஏற்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அதன் கொள்முதல் விலையை அறிவித்து வருகிறது. புரட்டாசியில் ஜனங்கள் புலால் விலக்குவதால் விலை இறங்குவதும், குளிர்காலத்தில் வட தேசங்களின் தேவை மிகுவதால் ஏறுவதும் வழக்கம். இவ்வேற்றத் தாழ்வுக்கு அடியில் நிற்பது தீவனக் கிரயமே. பண்ணைச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் மக்காச்சோளம், சோயாப் பிண்ணாக்கு முதலிய தீவனத்திற்கே போய்விடுகிறது. அவற்றின் விலை ஏறினால் முட்டை விலையும் ஏறியே தீரும்.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். பண்ணைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்று, வருஷத்தில் 300 முட்டைகள் வரை இடுகிறது. முட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 135 கிராம் தீவனம் ஆகிறது. நாட்டுப் பெட்டையோ வருஷத்தில் 60 முட்டைகள் இட்டாலே மிகுதி. அதைக் கட்டிவைத்து, விலைத் தீவனம் நாளொன்றுக்கு 80 கிராம் வீதம் போட்டால், முட்டை ஒன்றுக்கு அரைக் கிலோ தீவனம் செலவாகும். இவ்வழியில் கடை முட்டையே மலிவு. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அங்ஙனமாயின் இலாபம் எங்கே? நாம் விலை கொடாத ஆகாரத்தில் இருக்கிறது. களத்தில் சிந்திய தானியம், குருணை, தவிடு, கீரைத் தழை, புழு பூச்சி ஆகியவற்றை மேய்ந்து திரியும் கோழிக்கு மாலையில் 30 கிராம் தானியம் இட்டால் போதும். வருஷத்திற்கு 11 கிலோ ஆகும். அக்கோழி 80 முட்டைகள் இடுமாறு செய்துவிட்டால், முட்டை ஒன்றுக்கு 140 கிராமுக்குள் அடங்கும். அதுவும் நம் வயலில் விளைந்ததே. குஞ்சுகளுக்குக் கறையான் சிறந்த ஆகாரம். பழைய பானையில் காய்ந்த சாணமும் வைக்கோலும் இட்டு, நீர் தெளித்து, மாலையில் புற்றோரம் கவிழ்த்து வைத்தால் விடியற்காலையில் கறையான் சேர்ந்திருக்கும் என்பதை நம் பாட்டிமார் அறிவர். முட்டையோடு உறுதிப்படக் கிளிஞ்சல் தூளையும் சிறிது வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கை மாத்திரம் ஒருபோதும் இடலாகாது, அது விஷமாகும்.

60 முட்டையை 80 ஆக்குவது எப்படி? நாட்டுப் பெட்டை பன்னிரண்டு, பதினைந்து முட்டைகள் இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. அடைகாத்தல் 21 நாள். அதன்பின் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரிகிறது. அக்காலம் முழுவதும் முட்டையில்லை. குஞ்சுகளை மூன்று வாரத்தில் பிரித்துத் தனிப் பஞ்சாரத்தில் காத்தால், தாய் விரைவில் மறுபடியும் முட்டைக்கு வரும். எல்லாப் பெட்டைகளையும் அவயத்திற்கு வைக்காமல், நல்ல தாயாகிய ஒன்றிரண்டை மாத்திரம் வைத்தல் நலம். ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய கிராமப்பிரியா போன்ற இனங்கள் அடைக்கு உட்காருவது அரிது, முட்டையும் மிகுதி. ஆனால் அவற்றிற்குத் தீவனம் கூடுதலாக வேண்டும். உண்பதற்கான முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை என்பதையும் பலர் அறியார். கருவில்லாத முட்டை நெடுநாள் கெடாமலும் இருக்கும்.

ஐந்து பெட்டைகள் இவ்விதம் 400 முட்டைகள் தந்தால், ஆளுக்கு வருஷத்தில் 180 முட்டைகள் என்று தேசிய ஊட்டச்சத்து நிலையத்தார் கூறும் அளவில் இரண்டு குழந்தைகளுக்குப் போதும்.

இத்தனையும் ஒரே வாரத்தில் பாழாகக்கூடும். இராணிக்கேட் வியாதி, அதாவது நம் ஜனங்கள் வெள்ளைக் கழிச்சல் என்பது, கீரியும் வெருகும் பருந்தும் கொண்டுபோவதைவிட மிகுதியாகக் கோழிகளைக் கொண்டுபோகிறது. குமாவூன் மலையிலுள்ள இராணிக்கேட் என்னும் ஊரில் 1927-28இல் காணப்பட்டதால் நம் தேசத்தில் அதற்கு இப்பெயர். கோழி தூங்கி வழியும். வெண்மையும் பச்சையுமாகக் கழியும். வாய் திறந்து மூச்சிழுக்கும். சிலவற்றிற்குக் கழுத்துத் திருகும். வந்தபின் மருந்தில்லை. வருமுன் தடுக்க மருந்துண்டு: குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டு வாரம் கடந்தபின் இறக்கையின்கீழ் ஊசி.

பின் ஏன் கோழிகள் சாகின்றன? மருந்துக் குப்பி ஒன்றில் வழக்கமாக 100 கோழிகளுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. அதைக் கரைத்த இரண்டு மணி நேரத்திற்குள் போட்டு முடிக்க வேண்டும். அதுவரை பனிக்கட்டியில் வைத்திருக்கவும் வேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியே போய் 95 பங்கைக் கொட்டிவிட்டு வர இயலாது; ஆகவே போகாமலே இருந்துவிடுகிறார். இருபது வீடுகள் சேர்ந்தால் ஒரு குப்பி வீணாகாது. கோழி வளர்ப்பில் சங்கத்திற்கு உரிய வேலை இதுவே என்பது எமது அபிப்பிராயம். கடன் கொடுத்துக் கோழி வாங்குவிப்பது இதற்கு அடுத்ததே.

செய்யும் முறை இது. மாசி பிறக்குமுன் வீடுவீடாகக் கோழியையும் குஞ்சையும் தனித்தனியே எண்ணி எழுதி, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கொடுத்து நாள் குறிக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்னர் டாக்டர் சொல்லும் குடற்புழு மருந்தைக் கொடுக்கலாம். குறித்த நாள் விடியுமுன், கோழிகளைத் திறந்துவிடாமல், பஞ்சாரத்தோடு சாவடிக்குக் கொண்டுவர வேண்டும். நோயுற்ற கோழிக்கு ஊசி போடலாகாது. அங்கத்தினரல்லாதார் வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக்கொள்க. மேய்ச்சலில் எல்லாம் ஒன்றாகவே திரிகின்றன. சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே அடைத்துவைத்த பின்னரே மற்றவற்றோடு விடலாம். ஊரில் கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால், அவற்றைச் சந்தைக்கு அனுப்பாமல் உடனே மருந்தகத்திற்குச் சொல்லுக. ஊசி போட்ட தேதியைச் சங்கத்துப் புத்தகத்தில் வீட்டுவாரியாகப் பதிந்துவைத்தால், அதன்பின் பொரித்த குஞ்சுகள் எத்தனை என்பது அடுத்த முறைக்கு எளிதில் தெரியும்.