காரின் மூக்கு: எந்த ஏர் ஃபில்டர் போடலாம்?

நம்ம மூக்கில் முடி எதுக்கு இருக்குன்னு உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். காருக்கு அந்த வேலையைச் செய்வது ஏர் ஃபில்டர். 'கம்பெனி ஃபில்டரையும் அதன் பெட்டியையும் கழற்றிட்டு, கூம்பு மாதிரி இருக்கிற ஃபில்டரை மாட்டுங்க, வண்டி பறக்கும்'னு சில கடைகளில் சொல்றாங்க. விலையும் பல மடங்கு. உண்மையிலேயே பறக்குமா? நம்ம பாடப்புத்தகத்தை வைத்தே பார்த்துடலாம்.

1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கணக்குப் போட்டால் 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! அவ்வளவு காற்றோடு மண் ரோட்டுத் தூசியும்தானே வரும்? மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7. அது உள்ளே புகுந்தால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்துவிடும். அப்புறம் வண்டி ஆயில் குடிக்கும், நீலப்புகை விடும். எஞ்சின் வேலை என்றால் எவ்வளவு செலவு என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்!

இப்போ கூம்பு ஃபில்டருக்கு வருவோம். மாட்டியதும் 'உர்ர்ர்'னு சத்தம் வரும். சத்தத்தை அடக்கிக்கொண்டிருந்த பெட்டி போய்விட்டது, அவ்வளவுதான். சத்தம் கூடினால் சக்தி கூடியது என்று அர்த்தமில்லை. அதோடு அது பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். சார்லஸ் விதி ஞாபகம் இருக்கா? வெளிக்காற்று 30 டிகிரி (303 கெல்வின்), பானெட்டுக்குள் 60 டிகிரி (333 கெல்வின்) என்று வைத்துக்கொள்வோம். அதே கன அளவில் காற்றின் நிறை சுமார் 9 சதவீதம் குறையும். ஆக்சிஜனும் குறையும். காசு கொடுத்து சக்தியைக் குறைத்துக்கொள்வதா?

'குளிர்ந்த காற்று வேணும்னா குழாயைக் கீழே பம்பர் பக்கம் இறக்கிடலாம்' என்பார்கள். சரிதான், ஆனால் மழைக்காலத்தில்? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மைலேஜ் கூடுமா என்றால் அதுவும் சந்தேகம்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் சோதித்துப் பார்த்தது. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரைப் புதுசாக மாற்றியும் மைலேஜ் பெரிசாக மாறவில்லை. வேகம் பிடிப்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் மைலேஜிலும் கொஞ்சம் தெரியும்.

அப்போ எதை வாங்குவது? தூசி ரோட்டில் ஓடும் காருக்கு, கம்பெனி அளவிலேயே கிடைக்கும் காகித ஃபில்டர் போதும் என்பது என் கருத்து. நேரத்துக்கு மாற்றினால் சரி. கழுவிப் போடுவதுதான் வேணும் என்றால், பழைய பெட்டிக்குள்ளேயே உட்காரும் பருத்தி ஃபில்டர் வாங்கலாம். ஆனால் அதைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதற்கான எண்ணெயை அளவாகத் தடவ வேண்டும். அதிகமானால் சில கார்களில் காற்றை அளக்கும் சென்சாரில் எண்ணெய் படிந்து எஞ்சின் தடுமாறும்.

எதைப் போட்டாலும் ஓரத்து ரப்பர் பெட்டியோடு இறுக்கமாகப் படிய வேண்டும். சில நாள் ஓட்டியபின் எஞ்சினை அணைத்துவிட்டு, ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் எங்கோ இடைவெளி இருக்கிறது. அன்றைக்கே சரி பண்ணிடணும்.