எல்லைப்புற ரசிகருக்கு ஹெட்போனும் ஆம்ப்ளிஃபயரும்

கேரளத்தின் கிழக்கு விளிம்பில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் முதலான பாலக்காட்டு ஊர்களிலும், தெற்கே மறையூர், மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, குமுளி என்று நீளும் இடுக்கி மலைப் பிரதேசத்திலும் தமிழ் பேசி வாழ்கிற சங்கீத ரசிகர்களுக்கு, நல்ல ஹெட்போன் ஒன்றையும் அதை இயக்கத்தக்க ஆம்ப்ளிஃபயரையும் தேர்ந்தெடுக்கும் முறையைக் கிரமமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பெருநகரவாசிக்குக் கடை கடையாக ஏறி இறங்கிக் காதில் மாட்டிப் பார்க்கும் சௌகரியம் உண்டு. இங்குள்ளவரோ பெரும்பாலும் பார்சலில் வரவழைக்க வேண்டியவராகையால், பணம் கட்டுவதற்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு மிகுந்த பிரயோஜனம் தரும். விளம்பரக்காரர்கள் வாட் வாட் என்று எவ்வளவு முழங்கினாலும், நம்முடைய பிரதேசத்தில் ஆம்ப்ளிஃபயரின் பாதி குணம் சுவரிலுள்ள பிளக்கிலிருந்தே வருகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது கேட்கும் இடம். தகரக் கூரை வேய்ந்த எஸ்டேட் லயத்தில் ஆனி ஆடி மாதங்களில் மழை விழும் ஓசையைக் கேட்டிருப்பவருக்கு, வெளிச் சப்தத்தை அப்படியே உள்ளே விடுகிற திறந்த அமைப்புள்ள ஹெட்போன் அங்கே எதற்கும் உதவாது என்பதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காதை முழுதும் மூடிக்கொள்ளும் மூடிய அமைப்பே அவருக்கு ஏற்றது. பங்குனி சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் பாலக்காட்டுச் சமவெளியிலோ கதை வேறு. ரெக்ஸின் உறை போட்ட மூடிய ஹெட்போனை அரை மணி அணிந்தால் காதோரம் வியர்வை ஊறிவிடும். இரவில் தனியறையில் கேட்கிறவர் துணி உறையுள்ள திறந்த வகையை வாங்குவது உத்தமம். 1968-இல் சென்ஹைசர் கம்பெனி எச்.டி.414 என்ற மாதிரியில் தொடங்கிவைத்த இந்தத் திறந்த வகை, சங்கீதம் தலைக்குள் அடைபட்டுக் கிடக்காமல் சற்றே வெளியே விரிந்து ஒலிப்பதுபோன்ற உணர்வைத் தரும்; பக்கத்தில் தூங்குகிறவருக்கும் அது கேட்கும் என்பது அதன் குறை. புளூடூத் வகை தன் ஆம்ப்ளிஃபயரையும் பாட்டரியையும் தனக்குள்ளேயே வைத்திருப்பதால், அது இங்கே நமக்கு விஷயமல்ல.

இரண்டாவது படி, எண்களைப் படித்தல். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் விவரங்களில் இரண்டே நமக்குத் தேவை: ஓம் கணக்கில் தரப்படும் இம்பிடன்ஸ் ஒன்று, இவ்வளவு மின்சாரத்துக்கு இவ்வளவு சப்தம் என்று டெசிபலில் குறிக்கப்படும் சென்சிடிவிட்டி மற்றொன்று. இந்தச் சென்சிடிவிட்டியைச் சில கம்பெனிகள் 1 மில்லிவாட்டுக்கும் சில 1 வோல்ட்டுக்கும் சொல்கின்றன. இரண்டும் ஒன்றே என்று எண்ணி ஒப்பிடுகிறவர் ஏமாந்துபோவார். உதாரணமாக, சென்ஹைசர் எச்.டி.650 என்னும் 300 ஓம் ஹெட்போனுக்கு 1 வோல்ட்டில் 103 டெசிபல் என்று போட்டிருப்பது, மில்லிவாட் கணக்குக்கு மாற்றினால் சுமார் 98 டெசிபல்தான் ஆகும்.

இனி மூன்றாவது படி: எவ்வளவு சப்தம் தேவை? 75, 80 டெசிபல் அளவில் நிதானமாகக் கேட்கிறவருக்குங்கூட, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் ஓர் அடியோ தாயம்பகையில் செண்டையின் ஓர் அடியோ அந்தச் சராசரிக்கு மேல் 20 டெசிபல் எழும்பக்கூடும். அந்தக் கணத்தில் ஆம்ப்ளிஃபயர் மூச்சுத் திணறினால் அடியின் கூர்மை மழுங்கி வெறும் தட்டலாகிவிடும். ஆகவே கொஞ்சம் தாராளமாகவே, உச்சத்தில் 110 டெசிபல் என்று இலக்கு வைத்துக்கொள்வோம். 3 டெசிபல் கூட வேண்டுமானால் மின்திறன் இரண்டு மடங்காகவும், 10 டெசிபல் கூட வேண்டுமானால் பத்து மடங்காகவும் ஆக வேண்டும் என்ற ஒரே சூத்திரம் இதற்குப் போதும். மேற்சொன்ன எச்.டி.650 இந்த இலக்கை எட்ட ஏறத்தாழ 2.2 வோல்ட்டும் 17 மில்லிவாட்டும் கேட்கும். பேயர்டைனமிக் டி.டி.770 புரோவின் 80 ஓம் மாதிரி, 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தருவது, 1.4 வோல்ட்டும் 25 மில்லிவாட்டும் கேட்கும். ஹைஃபைமேன் எச்.இ.6 என்னும் பிளானர் வகை ஹெட்போனுக்கோ, இம்பிடன்ஸ் 50 ஓம் மாத்திரமே என்றாலும் சென்சிடிவிட்டி 83.5 டெசிபல்தான் ஆகையால், 4.7 வோல்ட்டும் சுமார் 450 மில்லிவாட்டும் வேண்டும். ஓம் கூடினால் இயக்குவது கடினம் என்று பலரும் சொல்லிவரும் வார்த்தை எவ்வளவு அரைகுறையானது என்பது இந்த மூன்று கணக்குகளிலேயே தெரிந்துவிடுகிறது. ஓம் அதிகமானது வோல்ட்டைக் கேட்கிறது. சென்சிடிவிட்டி குறைந்தது எல்லாவற்றையும் கேட்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டவுடன், ஆம்ப்ளிஃபயரே தேவைதானா என்ற சந்தேகம் சிலருக்கு எழும், எழுவது நியாயமே. செல்போனில் செருகும் சிறிய யு.எஸ்.பி.-சி அடாப்டர்களில் நல்லவை சுமார் 1 வோல்ட் தருகின்றன. 1 மில்லிவாட்டுக்கு 99 டெசிபல் தரும் 38 ஓம் கொண்ட ஆடியோ-டெக்னிக்கா எம்.50எக்ஸ் போன்ற ஹெட்போனுக்கு அதுவே தாராளம்; எச்.டி.650-க்குங்கூடப் புதிய சினிமாப் பாட்டுக்கு அது போதும். செம்பை வைத்தியநாத பாகவதர் காலத்துப் பழைய கச்சேரிப் பதிவுகளில்தான் இடர்ப்பாடு; அவற்றில் பல மிகத் தாழ்ந்த அளவில் பதிவானவை ஆதலால், அடாப்டரின் சப்தத்தை முழுதும் திறந்து வைத்தாலும் குரல் தொலைவிலேயே நிற்கும். பழைய பதிவுகளையே விரும்பிக் கேட்கிறவர் கணக்கில் வந்த வோல்ட்டைப்போல் இரண்டு மடங்கு தரத்தக்க ஆம்ப்ளிஃபயரை வாங்கலாம். அதற்குமேல் செலவிடுவது ஹெட்போனுக்கு அல்ல, கௌரவத்துக்கு.

ஆம்ப்ளிஃபயரின் விவரத்தாளில் மூன்றாவதாக ஓர் எண்ணையும் தேடுங்கள்: அதன் அவுட்புட் இம்பிடன்ஸ். அது ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பழகிய கைகள் பின்பற்றும் விதி; 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள் இருக்க வேண்டும். பழைய ஸ்டீரியோ ரிசீவர்களில் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிலிருந்தே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஹெட்போன் துளைக்கு இணைப்புக் கொடுத்திருப்பார்கள். அவற்றில் அவுட்புட் இம்பிடன்ஸ் நூறு ஓமுக்கு மேலும் போகும். 300 ஓம் ஹெட்போன் இதைப் பொறுத்துக்கொண்டு, கீழ் ஸ்தாயியில் ஒரு டெசிபல் போலத் தடித்து ஒலிக்கும். சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். ஓம் குறைந்த இயர்போனில் பாட்டின் சாயலே மாறிப்போகும்.

நான்காவது படியாகிய மின்சாரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940-இல் இயங்கத் தொடங்கியதும் இந்த மலையிலேதான், 780 மெகாவாட் திறனுள்ள மூலமட்டம் நிலையம் இருப்பதும் இடுக்கி ஜில்லாவிலேதான். ஆயினும் நீண்ட லைனின் கடைக்கோடியிலுள்ள வீட்டில், விளக்கு வைக்கும் நேரத்தில், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 170 வரை தணிந்து போவதும் உண்டு. இதன் விளைவைக் கணக்காகவே காணலாம். கடையில் 12-0-12 என்று கேட்டு வாங்கும் டிரான்ஸ்பார்மர், மின்சாரம் சரியாக இருக்கையில் உச்சத்தில் 17 வோல்ட் தரும், அதை 12 வோல்ட்டாக நிலைப்படுத்தும் 7812 என்ற ரெகுலேட்டருக்குத் தனக்கென்று சுமார் 2 வோல்ட் மிச்சம் வேண்டும், அது கிடைக்கும். கரண்ட் 170-க்கு இறங்கினால் உச்சம் 12.5 ஆகிவிடுகிறது, டயோடுகள் எடுத்துக்கொண்டதுபோக ரெகுலேட்டருக்குப் பன்னிரண்டே மிஞ்சாது, உடனே 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் தம்பூராவோடு போட்டியிட்டுக்கொண்டு காதில் விழும். இதற்குப் பரிகாரம், ஆம்ப்ளிஃபயரைத் தாமே செய்துகொள்கிறவர் 15-0-15 டிரான்ஸ்பார்மரைப் போடுவதே. 170 வோல்ட்டிலும் அது பதினைந்தே முக்கால் வோல்ட் உச்சம் தருவதால் கரை சேர்ந்துவிடலாம். கடையில் தயாராக வாங்குகிறவர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் அடாப்டருள்ள யந்திரத்தைத் தேடலாம், அல்லது ஸ்டெபிலைசர் வைக்கலாம்.

அடாப்டர் வகைக்கு அதற்கேயுரிய தொல்லை ஒன்றுண்டு. இரண்டு முள் பிளக்குள்ள மலிவான அடாப்டரோடு உலோகப் பெட்டி ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்தால், பெட்டியைத் தொடும்போது விரல் நுனியில் லேசாகச் சுரசுரவென்று உறைக்கும். அடாப்டருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியே கசிகிற மின்சாரம் அது. ஆபத்தான அளவு இல்லையென்றாலும் அந்தக் கசிவே ஹெட்போனில் ரீங்காரமாக வரக்கூடும். மூன்று முள் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் இது மறையும். பாறை நிலத்தில் எர்த் குழி சரியாக அமைவது அரிது ஆகையால், எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்வது, விலை உயர்ந்த வயர்கள் வாங்குவதைவிடப் பலமடங்கு பயன் தரும். லேப்டாப்பையும் ஆம்ப்ளிஃபயரையும் வெவ்வேறு சுவர்ப் பிளக்கில் மாட்டி இரைச்சல் வந்தால், இரண்டையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றியவுடன் இரைச்சல் நின்றால், காரணம் ஆம்ப்ளிஃபயர் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். கரண்ட் போனதும் இயங்கும் வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாயின் டிரான்ஸ்பார்மர் உறுமும். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்த வம்பு இல்லை.

இடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சித்திரை வைகாசியிலும், பிறகு ஐப்பசி கார்த்திகைத் துலாவர்ஷத்திலும், பிற்பகலுக்கு மேல் மேற்குத் தொடர்ச்சி மலையோரத்தில் இடியும் மின்னலும் கடுமையாக இருக்கும். ஸ்பைக் பஸ்டரை நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் அன்று. முதல் முழக்கம் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றி, சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே உருவி விடவேண்டும். டிவி கேபிளோ நெட்வொர்க் வயரோ இணைந்திருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

அந்த மாலைகளிலும் பாட்டு வேண்டும் என்கிறவருக்குப் பாட்டரியே கதி. இதில் நம்மவர்க்கு நல்ல வழிகள் திறந்திருக்கின்றன. சூ மோய் என்பவர் வகுத்த சீமோய் என்னும் எளிய சுற்றை ஒற்றை 9 வோல்ட் பாட்டரியில், மிட்டாய் டப்பாவுக்குள் அடக்கிவிடலாம். சால்டரிங் பழகுகிறவருக்கு அதுவே முதற்பாடம். தம் உண்மைப் பெயரை வெளியிடாத பொறியாளர் ஒருவர் 2011-இல் வெளியிட்ட ஆப்ஜெக்டிவ் 2 இரண்டு 9 வோல்ட் பாட்டரிகளில் ஓடும், அதன் அவுட்புட் இம்பிடன்ஸ் அரை ஓம் அளவே, எச்.டி.650-ஐ வேண்டிய அளவுக்கு இயக்கும், எச்.இ.6-ஐ மட்டும் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். வாங்கியே பழக்கப்பட்டவர், டிஜிட்டல் பாட்டை அனலாக்காக மாற்றும் டாக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாயமைந்து, தனக்குள் பாட்டரியும் உள்ள சிறிய டாக்-ஆம்ப் ஒன்றை வைத்துக்கொள்ளட்டும்.

பார்சல் வந்து சேர்ந்தபின் பரீட்சிக்கும் முறை என்னவென்றால், இரண்டு யந்திரங்களை ஒப்பிடுகையில் சப்த அளவைச் சமமாக்கிக்கொள்வதே தலையாய விதி. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் மேலானதாகவே தோன்றும். ஹெட்போன் மாட்டியிருக்கும்போதே, 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் இரண்டின் ஏ.சி. வோல்ட்டும் ஒன்றாகும்படி திருகியபின் கேளுங்கள். பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாலக்காட்டு மஞ்சப்ராவில் பிறந்த எம்.டி. ராமநாதனின் தாழ்ந்த சுருதிக் குரல், கீழ் ஸ்தாயி தடித்திருக்கிறதா தெளிந்திருக்கிறதா என்பதை உடனே காட்டிக்கொடுக்கும். பாலக்காடு மணி ஐயரின் தொப்பி நாதத்தில் ஒவ்வோர் அடியும் எழுந்து அடங்கும் வால் முழுதும் கேட்க வேண்டும். மேடையில் மைக்கையே விரும்பாத அந்த மேதையை ஆம்ப்ளிஃபயருக்கு நீதிபதியாக்குவது விந்தைதான். குமுளி மலைக்கு அந்தப் பக்கம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘ஹவ் டு நேம் இட்’-இல், வி.எஸ். நரசிம்மனின் வயலின் பின்னணித் தந்திக் கூட்டத்திலிருந்து பிரிந்து நிற்கிறதா என்று கவனியுங்கள். வாத்தியங்களின் இடம் தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் குழைந்தால், ஆம்ப்ளிஃபயரைக் குறைகூறுமுன் ஹெட்போனின் உறை காதைச் சரியாகச் சூழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடியின் காம்பு ஒன்றே கீழ் ஸ்தாயியைத் திருடிவிடும்.

எவ்வளவு நேரம் கேட்கலாம் என்பதற்கு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்லியிருக்கிறது. 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும்.

மலையில் இருப்பவர், கேட்டு முடித்தபின் ஹெட்போனை ஆணியில் தொங்கவிடாமல், சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட மூடியுள்ள டப்பாவில் வைக்கட்டும்; மூடுபனிக் காலத்தில் ஒரே மாதத்தில் உறையில் பூஞ்சை பிடிக்கும். பொட்டலம் ஈரமேறினால் இளஞ்சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம். வால்யூம் திருகும்போது கரகரவென்றால் அது பெரும்பாலும் ஈரத்தால் வந்த களிம்பே. காண்டாக்ட் கிளீனரை ஒருமுறை பீய்ச்சி, குமிழை முன்னும் பின்னும் பல தடவை திருப்பி, பத்து நிமிஷம் உலரவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள்.