தையல் சரியாக விழவில்லையா? மிஷினைக் குறை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை

நமது அங்கத்தினர்களில் நூல், ஊசி, தையல் மிஷின் உதிரி பாகங்கள் விற்போர் பலர் உண்டு. பேன்சி ஸ்டோரிலும் மளிகைக் கடையிலும் ஒரு மூலையில் நூல்கண்டும் ஊசிப் பாக்கெட்டும் வைத்திருப்போரும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் வரும் புகார் ஒன்றே: "உங்க நூல் சரியில்லை, தையலே விழ மாட்டேங்குது." நாம் உடனே வேறு நூல் மாற்றித் தருகிறோம், அல்லது, "மிஷின் பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பி விடுகிறோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் இது. நன்கு பராமரித்த பழைய கறுப்பு மிஷின் இரண்டு தலைமுறைக்கு உழைக்கக் கூடியது. கோளாறு பெரும்பாலும் அதனிடம் இருப்பதில்லை.

எங்கள் கடையில் 2018-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஓர் அம்மாவின் கால் மிஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தது. இரண்டு முறை நூலை மாற்றினார். மெக்கானிக்கை அழைத்துப் புது ஷட்டில் போட்டார். பலன் இல்லை. பள்ளி திறக்கும் நாள் நெருங்கவே, வாங்கிய ஆர்டரில் பாதியை வேறு தையல்காரரிடம் கொடுத்து விட்டார். கடைசியில் ஊசியைக் கழற்றி எடுத்து வந்து, "இதே மாதிரி இன்னொரு பாக்கெட் கொடுங்க" என்றார். பார்த்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பவர் மிஷினுக்கு உரிய உருண்டைத் தண்டு ஊசி. எட்டாததால் சற்றுக் கீழே இறக்கி மாட்டியிருக்கிறார்கள். அதைக் கொடுத்தது எங்கள் கடைதான். சரியான ஊசியைப் போட்டதும் மிஷின் ஒழுங்காகத் தைத்தது. ஆனால் ஷட்டிலுக்குக் கொடுத்த பணமும் போன ஆர்டரும் திரும்பவில்லை. அன்று முதல் எங்கள் கடையில் வேலைக்குச் சேருபவருக்கு முதல் பாடம் இதுதான்.

தையல் விழும் விதம்

எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் 1846-இல் காப்புரிமை பெற்ற இரட்டை நூல் பூட்டுத் தையலே இன்றும் வீட்டு மிஷின்களில் விழுகிறது. ஊசி மேல்நூலைத் துணிக்குக் கீழே கொண்டு செல்கிறது. அடிமட்டம் வரை இறங்கிச் சுமார் 2 மி.மீ. மேலேறும்போது, ஊசிக் காதருகே நூல் சிறு வளையமாக விரிகிறது. ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டு போகிறது. அப்போது கீழ்நூல் வளையத்துக்குள் சிக்கிக் கொள்கிறது. மேல்நூலும் கீழ்நூலும் சம இழுப்பில் இருந்தால் முடிச்சு துணியின் நடுவில் மறைந்து நிற்கும். வளையம் சரியாக விரியாவிட்டால் தையல் விட்டுப் போகும். இழுப்பு ஏறுமாறானால் முடிச்சு மேலோ கீழோ தெரியும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக் கொண்டால் பாதிக் கோளாறுகளைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம்.

வாடிக்கையாளரை இரண்டு மடிப்புத் துணியில் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் நூல் போட்டுத் தைத்து வரச் சொல்லுங்கள். அந்தத் துணித்துண்டே உண்மையைச் சொல்லி விடும்.

பார்க்க வேண்டிய வரிசை

1. ஊசி: வீட்டு மிஷினுக்கு உரியது ஒரு பக்கம் பட்டையான தண்டுள்ள ஊசி. பாக்கெட்டில் 15 × 1 அல்லது எச்.ஏ. × 1 என்று இருக்கும். டி.பி. × 1 என்பது பவர் மிஷினுக்கான உருண்டைத் தண்டு ஊசி. இரண்டும் நீளத்திலும் தண்டின் கனத்திலும் வேறு. ஊசியைக் கண்ணாடி மேல் பட்டைப் பக்கம் படிய வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். முனையை நகத்தில் உரசினால் மழுங்கல் தெரியும். மாட்டும்போது கடைசி வரை மேலே தள்ளி முடுக்க வேண்டும். ஊசியில் நீளப் பள்ளம் ஓடும் பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும்.

அளவும் முக்கியம். 11-ஆம் நம்பர் மெல்லிய துணிக்கு. 14 சட்டைத் துணிக்கு. 16 பேண்ட், கனத்த சீருடைத் துணிக்கு. 18 ஜீன்ஸ், கேன்வாஸுக்கு. இவற்றோடு அச்சிட்டிருக்கும் 75, 90, 100, 110 என்ற எண்கள், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் ஊசியின் கனத்தைக் குறிப்பவை. திருப்பூர் பனியன் துணியில் மட்டும் தையல் விடுகிறது என்றால், முனை சற்று உருண்ட 'பால் பாயிண்ட்' ஊசியைக் கொடுங்கள்.

2. நூல் கோத்த முறை: பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துத்தான் மேல்நூல் கோக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூல் உள்ளே இறங்கும். கோத்த பின், ஃபுட் மேலே இருக்கும்போது நூல் தாராளமாக வர வேண்டும். இறக்கியதும் இறுக வேண்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் நூல் தட்டுகளுக்குள் விழவில்லை, அல்லது பஞ்சோ அறுந்த நூலோ உள்ளே சிக்கியிருக்கிறது.

3. துணிக்கு அடியில் நூல் கொசகொசவென்று சுருண்டு கிடப்பது: பலர் பாபினைத் திட்டுவார்கள். உண்மையில் குற்றம் மேலே. மேல்நூலை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாததால்தான் அது கீழே குவிகிறது. மாறாக, கீழ்நூல் துணியின் மேற்புறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம், அல்லது பாபின் பக்கம் தளர்வு.

4. பாபின்: நெளிந்த பாபின், துருப்பிடித்த பாபின், தாறுமாறாகச் சுற்றிய பாபின் எதுவும் உதவாது. பாபின் கேஸை அதன் நூலைப் பிடித்துத் தொங்க விட்டு மெல்ல ஒரு குலுக்கு குலுக்குங்கள். சற்று இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரை வரை போனால் தளர்வு; அசையாவிட்டால் இறுக்கம். பட்டை ஸ்பிரிங்கின் நடு ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் போதும்.

5. நூலின் தரம்: ஓர் அடி நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முடிச்சும் தடிப்பும் தெரிந்தால் ஊசிக் காதில் சிக்கி அறுகும். வருடக் கணக்கில் வெயில் படும் ஷோகேஸில் இருந்த பருத்தி நூல் தொட்டால் அறும். அதை விற்பதைவிடத் தூக்கி எறிவது லாபம்.

6. பஞ்சும் எண்ணெயும்: துணி நகராமல் தையல் குட்டை குட்டையாக விழுந்தால், ஊசித் தட்டைக் கழற்றித் துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையே பாருங்கள். பஞ்சு திண்டு போல இறுகியிருக்கும். எண்ணெய் என்றால் மிஷின் ஆயில் மட்டுமே. தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசினாகி மிஷின் கனத்து விடும். அப்படி இறுகிப் போனதை மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, நன்கு துடைத்து, மறுபடி மிஷின் ஆயில் போட வேண்டும்.

இவை ஆறும் சரியாக இருந்தும் தையல் விட்டால் மட்டுமே ஷட்டில் முனை தேய்வு, நீடில் பார் இறங்கியது, டைமிங் பிசகு போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். அது மெக்கானிக் வேலை. எடுத்த எடுப்பில் டென்ஷன் ஸ்க்ரூவைத் திருகுபவர் ஒரு கோளாறை இரண்டாக்குகிறார்.

கடையில் செய்ய வேண்டியது

வீட்டு மிஷின் ஊசியையும் பவர் மிஷின் ஊசியையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஊசி கேட்பவரிடம், "எந்த மிஷினுக்கு? என்ன துணிக்கு?" என்று இரண்டு கேள்வி கேட்க ஊழியர்களைப் பழக்குங்கள். பாபின், பாபின் கேஸ் வாங்க வருபவரைப் பழையதைக் கொண்டு வரச் சொல்லி, பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கொடுங்கள்.

ஷட்டில் விற்றால் கூடுதல் லாபம்தான். ஊசி விற்றால் சில காசுதான். ஆனால் தேவையில்லாத ஷட்டிலை வாங்கியவர் உண்மை தெரிந்த பின் நம் கடைப் படி ஏற மாட்டார். சரியான ஊசியைக் கொடுத்து அனுப்பியவர், நூலுக்கும் பட்டனுக்கும் லைனிங் துணிக்கும் நம்மையே தேடி வருவார். எங்கள் தவறால் ஆர்டர் இழந்த அந்த அம்மா இன்றும் எங்களிடம்தான் நூல் வாங்குகிறார். பாக்கெட்டைத் திருப்பி நம்பரைப் பார்த்து விட்டுத்தான் காசு கொடுக்கிறார். நாமும் பார்த்து விட்டுக் கொடுப்பதே முறை.