சருகைக் கொளுத்தாதே

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். தக்காளியும் கத்தரியும் நன்றாக வேர்பிடித்திருக்கின்றன. செடிகளுக்கு நடுவே மண்தான் ஒரு துரும்பும் இல்லாமல் வெயிலில் காய்கிறது. அதே படத்தின் ஓரத்தில், வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்திய சாம்பலும் தெரிகிறது. காலையில் தண்ணீர் விட்டும் மதியம் செடி துவண்டுபோகிறதே, சாயங்காலமும் ஊற்றட்டுமா என்று கேட்டிருக்கிறாய். முதலில் அந்தச் சருகைப் பாத்திக்குக் கொண்டுவா. தண்ணீரைப் பிறகு பார்க்கலாம்.

திருச்சியில் காற்றின் சூடு 40 டிகிரியைத் தொடும் நாளில், வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியையும் தாண்டிவிடும். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. ஊற்றிய நீரில் ஒரு பங்கு அந்த வேர்களுக்குக் கிடைக்காமலே ஆவியாகிவிடும். இன்னொன்றும் நடக்கிறது. வாளித் தண்ணீரும் மழைத்துளியும் வெறும் மண்ணில் நேராக விழுந்தால் மண்துகள் சிதறி, காய்ந்ததும் மேலே ஓடுபோல் இறுகிவிடும். அடுத்த முறை ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். சிதறும் மண் அடியிலைகளில் தெறித்து, மண்ணில் தங்கியிருக்கும் இலைக்கருகல் பூஞ்சையைத் தக்காளிக்கு ஏற்றிவிடும். மண்ணைச் சருகால் மூடிவைக்கும் மூடாக்கு இவை எல்லாவற்றையும் ஒருசேரத் தடுக்கிறது.

கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் வானகம் என்ற இயற்கை வேளாண் பண்ணையைத் தொடங்கிய நம்மாழ்வார் போகுமிடமெல்லாம் மூடாக்கைப் பற்றிப் பேசினார். ஜப்பானில் இயற்கை விவசாயி மசானோபு ஃபுகுவோகா அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலுக்கே திருப்பிப் போட்டார். ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ என்று தமிழிலும் கிடைக்கும் அவருடைய புத்தகம் 1975இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்தது. அவர் வைக்கோலை வரிசையாக அடுக்கவில்லை, தாறுமாறாக வீசினார். அப்போதுதான் விதைத்த பயிரின் முளை இடுக்கு வழியே மேலே வரும். நீயும் அழகு பார்த்து அடுக்க வேண்டாம்.

எதைப் போடலாம்? மாசி, பங்குனியில் வேம்பு தானாகவே இலை உதிர்க்கிறது. பாத்திக்கு மூடாக்கு அதிகம் தேவைப்படப்போவதும் அதற்கு அடுத்து வரும் நாட்களில்தான். அதனால் உன் வீட்டு வேப்பஞ்சருகே போதும். மாஞ்சருகு மக்க நாளாகும், ஆனால் நீண்ட நாள் நிற்கும். வாழைச்சருகு, துண்டாக்கிய தென்னை ஓலை, கடலைத் தோல், வைக்கோல் எல்லாம் நல்லவை. வைக்கோலில் நெல்மணி ஒட்டியிருந்தால் முளைத்து வரும், பிடுங்கிப் போட்டுவிடு. பச்சைப் புல்லை மொத்தையாகக் கொட்டாதே, சூடேறி அழுகி நாறும். காயவைத்துப் போடு. பார்த்தீனியத்தைப் பூ வைத்த பிறகு தொடவே வேண்டாம், தோட்டம் முழுக்க விதைத்ததாகிவிடும்.

போடுவதற்கு முன் களையெடுத்து, மண் நன்றாக நனையத் தண்ணீர் விடு. காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சல்தான் உள்ளே அடைபடும். மூடாக்கு மூன்று அங்குலம் இருக்கட்டும், சருகாக இருந்தால் நான்கு போடு, அமுங்கிவிடும். தண்டைச் சுற்றி மூன்று விரல்கடை இடம் விடு. தண்டோடு ஒட்டிய ஈரச் சருகுதான் அடித்தண்டு அழுகலுக்கு வழி. கீரை விதைத்த பாத்தியை இப்போது மூடாதே, நாற்று நான்கு விரல் உயரம் வந்ததும் இடையில் தூவு. கோரைக் களையை மூடாக்கு அடக்காது. அதன் கிழங்கைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

சருகு போட்டால் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை அது இழுத்துவிடும் என்று உன்னிடம் யாராவது சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமம் ஏறத்தாழ 25 பங்குக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் 80 பங்கு அளவில் இருக்கிறது, மரத்தூளில் அதைவிடப் பல மடங்கு. அவற்றை மண்ணுக்குள் கொத்திக் கலந்தால் குறைகிற தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். மேலே பரப்பினால் இந்தப் போட்டி மண்ணின் மேல்தோலோடு நின்றுவிடும், வேர்வரை அதிகம் எட்டாது. ஆகவே மூடாக்கைக் கொத்திவிடாதே. அடியிலை வெளிறுவதாகத் தெரிந்தால் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலில் தண்ணீர் கலந்து ஊற்று.

கரையான் வருமே என்று அம்மா பயப்படலாம். கரையான் பெரும்பாலும் செத்த பொருளைத்தான் தேடுகிறது, மண் வறண்டால் செடிப் பக்கம் திரும்பும். மூடாக்கு ஈரமாகவே இருக்கட்டும், வீட்டுச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியே போடு. எனக்குக் கவலை ஈர மூடாக்கில் ஒளியும் நத்தையைப் பற்றித்தான். ஐப்பசி மழை பிடித்ததும் மூடாக்கை ஓர் அங்குலமாகக் குறைத்துவிட்டு, இருட்டியபின் விளக்கோடு போய் நத்தைகளைப் பொறுக்கு.

உன் கேள்விக்கு வருகிறேன். மதியம் துவண்ட செடி சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் தண்ணீர் வேண்டாம், அது வெயிலின் அசதி. காலையிலும் துவண்டே நின்றால் ஊற்று. சந்தேகம் வந்தால் சருகை விலக்கி, விரலை மண்ணுக்குள் இரண்டு கணு இறக்கிப் பார். ஈரம் பட்டால் அன்றைக்கு விட்டுவிடு. காய்ப்பு முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காதே. தண்டை மண்மட்டத்தில் வெட்டி, நோயில்லாத இலைகளை அங்கேயே போட்டு, மூடாக்கை விலக்கிய குழியில் அடுத்த நாற்றை வை.

அன்புடன்,
பெரியப்பா