பருத்திக்குப் பாய்ச்சலும் வடிகாலும்

பயிருக்கு நீர் பாய்ச்சக் கற்ற நாம், மிகுந்த நீரை வடிக்கவும் கற்றாக வேண்டும். பருத்தி சாகுபடியில் இவ்விரண்டும் சம முக்கியத்துவம் உடையவை.

பாகூர்க் கொம்யூனின் கடலோரச் சிற்றூர் பனித்திட்டு. தென்பெண்ணையின் நீர், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை அடைகின்றது. அவ்வேரியால் வளம் பெறும் இவ்வட்டாரத்தில் நெல்லே முதன்மைப் பயிர். எனவே, வயலில் நீர் நிற்கக் கண்டால் நமது மனம் நிறைவது இயல்பு. நெல் அறுத்த நிலத்தில் பருத்தி விதைக்க விரும்பும் அன்பர்கள் அவ்வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. நீர் தேவையெனில், பருத்திக்கு ஏறத்தாழ 600 மி.மீ. போதுமானது.

நீர் தேங்கினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி, வேர்கள் மூச்சின்றித் தவிக்கும். இலை மஞ்சளாகும், சப்பைகளும் பூக்களும் பிஞ்சுகளும் உதிரும். ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். அவ்வாட்டத்தை வறட்சியென மயங்கி மேலும் நீர் பாய்ச்சுதல் பெருந்தவறு. ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டால் பாய்ச்சல் வேண்டா.

பாரும் சாலும் அமைத்து, பாரின் பக்கவாட்டில் விதைத்தல் நலம். விதைத்தவுடன் ஒரு நீரும், சில நாட்களில் உயிர்நீரும் தேவை. பின்னர்ச் சிறிது காயவிட்டால் ஆணிவேர் ஆழச் செல்லும். பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் வாட விடலாகாது. தண்ணீர் குறைவாயின் ஒரு சால் விட்டு ஒரு சாலில் பாய்ச்சி, மறுமுறை மாற்றிக்கொள்ளலாம். காய் வெடிக்கத் தொடங்கியபின் நீரைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும்.

கடலோரக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் உட்புகும். வளர்ந்த பருத்தி ஓரளவு உப்பைத் தாங்கும்; முளைக்கும் விதை தாங்காது. ஆகையால் முதற் பாய்ச்சலுக்கு நன்னீரே ஏற்றது.

வடிகாலின் அடிமட்டம் சாலைவிடத் தாழ்ந்திருத்தல் வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளமும் பாகூர் வட்டாரத்தில் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தை வயல் வடிகால் தடுக்க இயலாது. ஆனால், சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடைமழை நீரை ஒரே நாளில் வெளியேற்ற அதனால் இயலும். நீர் வடிந்து பதம் வந்ததும் மண்ணைக் கிளறி அணைத்து, சிறிது தழைச்சத்து இட்டால் செடி தேறும்.

ஒருவர் தமது வயலில் மட்டும் வடிகால் வெட்டினால், அந்நீர் அண்டை வயலில் தேங்கும். மேட்டு வயல்காரரின் நன்மை பள்ளத்து வயல்காரரின் நட்டமாதல் நீதியாகாது. பொதுவடிகாலை ஊரார் ஒன்றுகூடி விதைப்புக்கு முன்பே தூர்வாரி, அடைப்பும் ஆக்கிரமிப்பும் இன்றிக் காத்தல் வேண்டும். பொதுவடிகால் திறந்திருந்தால்தான் ஒவ்வொருவரின் பருத்தியும் வீடு வந்து சேரும்.