890 என்று தொடங்கினால் நம் நாட்டுப் பொருளா?

நோன்புக் காலத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே பேரீச்சம்பழம் அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "6-ல ஆரம்பிக்குது பாருங்க தம்பி, சைனா சாமான்" என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார். பார்கோடுக்குக் கீழே இருந்த எண் 628 என்று தொடங்கியது. அது சவூதி அரேபியாவுக்கு ஒதுக்கப்பட்ட எண். பழத்தின் ஊரைத் தேடியவர், சரியான எண்ணைப் பார்த்தும் தவறான நாட்டுக்குப் போய்விட்டார்.

கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது என் தொழில். அதனால் ஒரு பொருளின் மேல் அச்சாகியிருக்கும் எண்களோடுதான் என் நாள் முழுக்கக் கழிகிறது. ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல எழுதப்பட்டது. நாம் வேறு கேள்வியோடு போய் நின்றால் அது தப்பான பதிலைத் தருவதுபோல் தோன்றும். அப்படித் தோன்றும் சில இடங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: 890 என்றால் இந்தியாவில் செய்தது, 690 என்றால் சீனாவில் செய்தது

எல்லையில் பதற்றம் வரும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. பாதி உண்மை இருப்பதால்தான் சாகாமல் இருக்கிறது. 890 இந்தியாவுக்கு உரியதுதான். 690 முதல் 699 வரை சீனாவுக்கு, 479 இலங்கைக்கு, 955 மலேசியாவுக்கு, 888 சிங்கப்பூருக்கு. ஆனால் இந்த எண்கள் சொல்வது, அந்த நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் தன்னைப் பதிந்து எண் வாங்கியது என்பதை மட்டும். உலகம் முழுக்க இந்த எண்களைப் பங்கிட்டுத் தருவது ஜி.எஸ்.1 என்ற அமைப்பு. இந்தியாவில் அதன் கிளையிடம் எண் வாங்கிய ஒருவர், வெளிநாட்டிலிருந்து பொம்மைகளை இறக்கித் தன் பெயரில் பெட்டி கட்டி விற்றால் அதிலும் 890தான் இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. திருப்பூரில் தைத்து அமெரிக்கக் கடைத்தொடர் ஒன்றுக்குப் போகும் டி-ஷர்ட்டில், பெரும்பாலும் அந்த அமெரிக்க நிறுவனத்தின் எண்ணைத்தான் ஒட்டி அனுப்புகிறார்கள். நூல் நம்முடையது, சாயம் நம்முடையது, தைத்த கையும் நம்முடையது. பார்கோடைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கிறவர் அந்த டி-ஷர்ட்டை அமெரிக்காவில் செய்தது என்றே சொல்வார். வீட்டில் இருக்கும் புத்தகம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். 978 என்று தொடங்கும். அது எந்த நாட்டின் எண்ணும் இல்லை, புத்தகங்களுக்கென்றே ஒதுக்கியது.

பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் பார்கோடை விட்டுவிட்டு எழுத்துகளைப் படிக்க வேண்டும். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது பாக்கெட் செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். இறக்குமதிப் பொருளென்றால் எந்த நாட்டில் செய்தது என்பதும் இருக்க வேண்டும். எழுத்து பொடிதான். ஆனால் அக்கா கேட்ட கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோடுகளுக்குள் விலை ஒளிந்திருக்கிறது என்றும் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர்க் கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட்தான் முதன்முதலில் இந்த முறையில் ஸ்கேன் ஆனது. அன்றிலிருந்து இன்றுவரை வேலை ஒன்றேதான். கோடுகள் ஒரு எண்ணைச் சொல்லும். கடையின் கணினி அந்த எண்ணுக்கு நேராகத் தன் பட்டியலில் என்ன விலை இருக்கிறது என்று பார்க்கும். விலை இருப்பது கடைக்காரரின் பட்டியலில்.

இதனால் வாடிக்கையாளருக்கு நேரும் சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு, பற்பசை, சோப்பு போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கடையில் பழைய சரக்கும் புதிய சரக்கும் ஒரே அலமாரியில். பார்கோடு ஒன்று, எம்.ஆர்.பி. இரண்டு. ஸ்கேன் செய்ததும் எங்களுடையது போன்ற மென்பொருள் திரையில் இரண்டு விலையையும் காட்டி, எது என்று கேட்கும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது பில் போடும் பெண் மேலே இருப்பதைத் தட்டிவிடுவார். விலை ஏறினாலும் இறங்கினாலும் இதே கதைதான். இதில் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டியதே இல்லை, அவசரம் போதும். விலை மாறும் காலத்தில் பாக்கெட்டில் உள்ள விலையையும் பில்லில் உள்ள விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் அச்சான எம்.ஆர்.பி.க்கு மேல் கடையில் வாங்கக் கூடாது. அதில் எல்லா வரியும் அடக்கம். ஃபிரிட்ஜில் வைத்ததற்குத் தனிக் காசு கேட்கவும் கூடாது. உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் பாட்டில் மட்டும் விலக்கு. அங்கே அதிகம் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

விலை கோடுகளுக்குள்ளேயே இருக்கக்கூடிய ஓர் இடமும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் கத்திரிக்காயை எடை போட்டு ஒட்டித் தருகிறார்களே, அந்தச் சீட்டு. அது 2 என்று தொடங்கும். கடைகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ள விடப்பட்ட எண்வரிசை அது. நடுவில் காயின் குறியெண் இருக்கும். அதை அடுத்து எடையோ விலையோ இருக்கும்.

கடைசி இலக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. பதின்மூன்று இலக்கங்களில் கடைசியானது காவல்காரன். 890123456789 என்று பன்னிரண்டு இலக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டும்? எதுவும் வேண்டாம். ஆகவே கடைசி இலக்கம் 0. ஸ்கேனர் ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், 'பீப்' ஒலி வராது. கசங்கிய பாக்கெட்டை பில் போடுகிறவர் இரண்டு மூன்று முறை தேய்த்துப் பார்ப்பது இதனால்தான். தெரியாத எண்ணைத் தெரிந்ததுபோல் அது பெரும்பாலும் பில்லில் ஏற்றாது. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம்பிக்கை: கம்ப்யூட்டர் பில் தப்பாது

மனிதன் கூட்டினால் தப்பு வரும், இயந்திரம் கூட்டினால் வராது என்று என் அப்பா உறுதியாகச் சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

கணினியிடம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லுங்கள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் வரும் விடை 0.30000000000000004. பழுது எதுவும் இல்லை. ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? கணினி 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் எழுதுவதால் அதற்குப் பத்தில் ஒரு பங்கே அப்படி முடிவில்லாமல் போகிறது. எங்கேயோ ஓர் இடத்தில் நறுக்கித்தான் வைக்க வேண்டும். 1985இல் வந்த ஐ.இ.இ.இ. 754 என்ற தரநிலை எப்படி நறுக்குவது என்று வகுத்தது. உலகின் கணினிகள் பெரும்பாலும் அதன்படியே நறுக்குகின்றன.

இது பில்லில் எப்படி வந்து நிற்கும்? 53 ரூபாய் 50 காசுப் பொருளுக்கு 5 சதவீத வரி போடுகிறோம். தாளில் போட்டால் 2.675, காசாக மாற்றினால் 2 ரூபாய் 68 காசு. நிரலில் 53.5ஐ 0.05ஆல் பெருக்கி இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 2.68 வருகிறது. அதே 53.5ஐ 5ஆல் பெருக்கி 100ஆல் வகுத்துச் சுருக்கினால் 2.67 வருகிறது. பள்ளிக் கணக்கில் இரண்டும் ஒன்றே. நறுக்கிய இடம் மாறியதால் ஒரு காசு மாறுகிறது. ஒரு காசுதானே என்று விடலாம். ஆனால் நாளுக்கு ஆயிரம் பில் போடும் கடையில், மாதக் கடைசியில் பில்களின் கூட்டலும் வரிக் கணக்கின் கூட்டலும் ஒத்துப்போகாது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டு, "தம்பி, நாலு ரூபா இடிக்குது, எங்கன்னு தெரியலையே" என்று கவலையோடு கேட்டார். அந்த நாலு ரூபாயைத் தேடிய இரவில்தான் எனக்கு இது முழுதாகப் புரிந்தது. அவருக்கு அது நாலு ரூபாய் விஷயமே இல்லை. வரி அதிகாரியின் முன் கணக்கு நிற்குமா என்ற பயம்.

இதே பத்தில் ஒரு பங்கு உயிரையும் வாங்கியிருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று வளைகுடாப் போரில் சவூதியின் தஹ்ரானில், பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு வரும் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு பங்கு நொடிகளாக எண்ணியது. நறுக்கிய அந்தத் துணுக்கு, சுமார் நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில், மூன்றில் ஒரு பங்கு நொடியாகச் சேர்ந்துவிட்டது.

மருந்து எளியது, எங்கள் தாத்தாக்கள் செய்ததுதான். காசாக எண்ணுவது. ரூபாயைப் புள்ளி வைத்து எழுதாமல் 53.50ஐ 5350 காசு என்று முழு எண்ணாக வைத்தால் நறுக்க வேண்டியதே இல்லை. நல்ல பில் மென்பொருள்கள் இப்படியோ, தசமக் கணக்குக்கென்றே உள்ள தனி வகையிலோதான் பணத்தை வைக்கின்றன.

பில்லின் அடியில் வரும் 'ரவுண்ட் ஆஃப்' கணக்கு வேறு. அது எப்போதும் கடைக்காரருக்கே லாபம் என்பார்கள். 50 காசுக்கு மேலிருந்தால் மேலே, கீழிருந்தால் கீழே போவதுதான் வழக்கம். 247.35 என்றால் 247தான். 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போனபின் இந்தக் கணக்கு தவிர்க்க முடியாததாகிவிட்டது. எப்போதும் மேலே மட்டுமே போகும் பில்லைக் கண்டால் கேளுங்கள். யாரோ அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். யு.பி.ஐ.யில் 35 காசையும் சரியாக அனுப்ப முடிகிற இன்று அந்தக் கணக்கே தேவையா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நம்பிக்கை: பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு

அரிசி, எண்ணெய், பருப்பில் பெரும்பாலும் உண்மை. ஷாம்புவில் பல நேரம் தலைகீழ். கணக்குக்காக, 2 ரூபாய் பாக்கெட்டில் 6 மி.லி. என்று வைத்துக்கொண்டால் ஒரு மி.லி.க்கு 33 காசு. 180 மி.லி. பாட்டில் 120 ரூபாய் என்றால் 67 காசு. பாதிக்குப் பாதி வித்தியாசம்.

பாக்கெட் ஷாம்புவின் கதை நம் கடலூரில் தொடங்கியது. சின்னி கிருஷ்ணன் என்ற கடலூர்க்காரர், பாட்டில் வாங்க முடியாதவரும் ஷாம்பு போட வேண்டும் என்று சின்ன உறையில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய 'சிக்' ஷாம்பு அதை ஊர் ஊராகக் கொண்டு போனது. கிராமத்துப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் உறைகளில் போட்டி கடுமை. விலை ஒன்று, இரண்டு ரூபாய் என்ற நாணயத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. பாட்டிலுக்கு அந்தக் கட்டு இல்லை. அதனால்தான் இந்தத் தலைகீழ். பைக்கு இலாபம் என்றாலும், பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன அந்த உறைகளை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருச் சாக்கடையை அடைத்துக்கொண்டு நிற்பது அவைதான்.

இப்போது பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்கு அருகே ஒரு கிராமுக்கோ மி.லி.க்கோ என்ன விலை என்றும் அச்சிடுகிறார்கள். கிலோவுக்கோ லிட்டருக்கோ மேலிருந்தால் கிலோ, லிட்டர் கணக்கில் இருக்கும். பெரியது, சின்னது, ஆஃபர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஓர் எண்ணை ஒப்பிடுங்கள்.

நம்பிக்கை: 128 ஜி.பி. பென் டிரைவ் என்று விற்றுவிட்டு 119 தருகிறார்கள்

யாரும் திருடவில்லை. விற்பவர் ஒரு ஜி.பி.யை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் அதையே 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று எண்ணுகிறது. 128 நூறு கோடிகளை அந்தப் பெரிய படியால் அளந்தால் 119.2. நெல் ஒன்றுதான், படி வேறு. பவர் பேங்கிலும் இப்படித்தான். 10,000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு. வெளியே 5 வோல்ட்டாக வரும்போது ஏட்டளவில் 7,400தான். மாற்றும்போது சூடாகிப் போவது அதிலும் கழியும். 5,000 எம்.ஏ.எச். போனை அதை வைத்து இரண்டு முறை முழுதாக ஏற்ற முடியாது.

நம்பிக்கை: எலெக்ட்ரானிக் தராசு என்றால் எடை சரி

தராசு சரியாகவே இருக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. தட்டில் இருப்பது என்ன என்பதுதான் கேள்வி. தீபாவளி நேரத்தில் அரைக் கிலோ பால்கோவாவை அட்டைப் பெட்டியோடு வைத்து எடை போடுகிறார்கள். பெட்டி 50 கிராம் என்றும் கிலோ 600 ரூபாய் என்றும் வைத்தால், 30 ரூபாய்க்கு அட்டை வாங்கி வருகிறோம். பெரும்பாலான எலெக்ட்ரானிக் தராசுகளில் 'டேர்' என்று ஒரு பொத்தான் உண்டு. காலிப் பெட்டியை முதலில் வைத்து அதை அழுத்தினால் திரை 0 காட்டும், பிறகு இனிப்பை நிரப்பலாம். போன தீபாவளிக்கு அம்மா கேட்டார்கள். "பெட்டிய வச்சு சைபர் பண்ணிட்டுப் போடுங்க தம்பி" என்றதும் அந்தப் பையன் மறுபேச்சில்லாமல் அழுத்தினான். பின்னால் நின்ற நாலு பேருக்கும் அப்படியே போட்டான்.